அறுந்த நரம்பும் அவசர வியாபாரமும்

பைக் சறுக்கி ஒருவர் விழுகிறார். தென்னை மரத்திலிருந்து இன்னொருவர் தவறுகிறார். கட்டடச் சாரம் சரிந்து மூன்றாமவர் அடிபடுகிறார். மூவரும் உயிர் பிழைக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த சில வாரங்களில் ஒரு காணொலி செல்பேசிக்கு வந்துசேர்கிறது: ‘ஸ்டெம் செல் சிகிச்சையால் மீண்டும் நடக்கலாம்.’ லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இந்த வாக்குறுதியை நம்பலாமா என்று எடுத்துச்சொல்ல அந்தக் குடும்பத்துக்கு ஆளில்லை. நிலத்தை விற்பதா, நகையை அடகு வைப்பதா என்ற பேச்சுதான் வீட்டுக்குள் ஓடுகிறது.

இப்படிப்பட்ட வீடுகளுக்குத் தெரிய வேண்டிய பெயர் ஜெஃப்ரி ரைஸ்மன் (1939-2017). மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு அறுந்தால் அத்தோடு முடிந்தது என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், அதற்கு எதிரான சான்றைக் கண்ணுக்குக் காட்டிய பிரிட்டன் விஞ்ஞானி. முதல் சான்றை அவர் வெளியிட்டது 1969இல். தண்டுவடம் அடிபட்ட ஒரு மனிதர் அவருடைய ஆய்வின் பலனால் அடியெடுத்து வைத்த செய்தி வெளியானது 2014இல். நடுவில் 45 ஆண்டுகள். அவ்வளவு காலம் ஏன் பிடித்தது என்று புரிந்துகொண்டால், அந்தக் காணொலி எதை மறைக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

கையில் வளரும், முதுகில் வளராது

மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்களின் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் தலைப்புச் செய்தியாகிறது. காயமடைந்தவர்களில் எத்தனை பேர் எழுந்து நிற்க முடியாமல் வீடு திரும்பினார்கள் என்பதை அந்தக் கணக்கு தனியே சொல்வதில்லை. உலகம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடப் பாதிப்புடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கையில் ஒரு நரம்பு வெட்டுப்பட்டால் மருத்துவர் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார். அறுந்த இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் விரல்களை நோக்கி வளர்கின்றன. எல்லோருக்கும் பழைய பலம் திரும்புவதில்லை. ஆனால் இழை வளர்வது நிஜம்.

அதே மனிதரின் தண்டுவடத்துக்குள் ஓர் இழை அறுந்தால் கதை வேறு. லேசாக முளைவிட்டுப் பார்க்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. காயம்பட்ட இடத்தில் தழும்பு கட்டிக்கொள்கிறது. மூளை அனுப்பும் கட்டளை தழும்புக்கு மேலேயே தங்கிவிடுகிறது. காலிலிருந்து வரும் உணர்ச்சி கீழேயே நின்றுபோகிறது. சிறுநீர், மலம் கழிப்பதன் கட்டுப்பாடும் போய்விடுகிறது. நடக்க முடியாமல் போனதைவிட இதுதான் பெரிய கொடுமை என்று பாதிக்கப்பட்டவர்கள் பலரும் சொல்வார்கள். விளம்பரங்களோ நடையைப் பற்றி மட்டும்தான் பேசும்.

ஸ்பெயினைச் சேர்ந்த சாண்டியாகோ ரமோன் இ கஹால், 1906இல் நோபல் பரிசு பெற்ற நரம்பியல் மேதை. அறுந்த இழைகளின் இந்தத் தோல்வியை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தவர் அவர்தான். வளர்ந்த மனிதனின் மூளையிலும் தண்டுவடத்திலும் இறந்தது இறந்ததுதான், மீண்டும் எதுவும் முளைக்காது என்பது அவர் எட்டிய முடிவு. அதை மாற்றிக்காட்டுவது வருங்கால அறிவியலின் வேலை என்றும் கையோடு எழுதியிருந்தார். பாடநூல்களில் முதல் பாதி மட்டும் தங்கியது.

தையல்காரரின் மகன்

ரைஸ்மன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஒரு யூதத் தையல்காரரின் மகனாகப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்தார். நோயாளிகளைப் பார்க்கும் தொழிலுக்குப் போகாமல் அங்கேயே உடற்கூறியல் துறையில் ஆய்வாளராகத் தங்கிவிட்டார். அந்நாளில் எலக்ட்ரான் நுண்ணோக்கி மூளை ஆய்வுக்குப் புதிது. ஒரு நரம்பிழையின் முனை இன்னொரு நரம்பணுவைத் தொடும் இடத்தை, அதாவது சாதாரண நுண்ணோக்கியில் பிடிபடாத அந்த இணைப்பை, அதில் நேரடியாகப் பார்க்கலாம்.

எலியின் மூளையில் செப்டம் என்றொரு பகுதி. இருவேறு திசைகளிலிருந்து வரும் நரம்பிழைக் கற்றைகள் அங்கே வந்து இணைகின்றன. ரைஸ்மன் ஒரு கற்றையை வெட்டினார். அந்த இழைகள் விட்டுச்சென்ற இணைப்பிடங்கள் முதலில் காலியாகின. வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, வெட்டப்படாத மற்றக் கற்றையின் இழைகள் அந்த இடங்களைப் பிடித்திருந்தன. வளர்ந்த மூளை, காயத்துக்குப் பிறகு புதிய இணைப்பை உருவாக்கிக்கொள்கிறது என்பதற்கு இது கண்கூடான சான்று. இதைத்தான் 1969இல் அவர் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

உலகம் உடனே தலையாட்டிவிடவில்லை. பல மூத்தவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். இன்று பக்கவாதம் வந்தவரை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்களே, மூளை தன் இணைப்புகளை மாற்றியமைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தானே? அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் வாதாடிப் பெற வேண்டியதாக இருந்தது.

1971இல் சக ஆய்வாளர் பாலின் ஃபீல்டுடன் சேர்ந்து, ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் மூளை இணைப்புகளிலேயே வேறுபாடு உண்டு என்று காட்டினார். வேறொருவராக இருந்தால் அதை வைத்தே வாழ்நாளை ஓட்டியிருப்பார். ரைஸ்மன் காயத்துக்கே திரும்பினார். 1974இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கே முப்பது ஆண்டுகள் இருந்தார்.

மூக்கில் கிடைத்த வழி

அங்கே அவரை இழுத்த புதிர் மூக்கு. வாசனையை உணரும் நரம்பணுக்கள் மூக்கின் உள்தோலில், வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கின்றன. தூசியும் கிருமியும் தாக்கி அவை இறந்துகொண்டே இருக்கும். புதியவை பிறந்துகொண்டே இருக்கும். வாழ்நாள் முழுக்க இது நடக்கிறது. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு நரம்பணுவும் தன் இழையை மூக்கிலிருந்து மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் அனுப்பி, அங்கே இணைப்பு ஏற்படுத்தியாக வேண்டும். மூளையின் எல்லையில் வேறெந்த நரம்பிழையும் தடுத்து நிறுத்தப்படும்போது, இது மட்டும் எப்படி உள்ளே போகிறது?

இந்த இழைகளைச் சுற்றிப் போர்த்தியபடி ஒரு வகைத் துணையணுக்கள் மூக்கிலிருந்து மூளைக்குள் வரை உடன் வருகின்றன. மூளையின் எல்லையில் அவை மற்றத் துணையணுக்களோடு விசேஷமான முறையில் பின்னிக்கொண்டு இழைக்கு வாசலைத் திறந்துவிடுவதை ரைஸ்மன் 1985இல் விவரித்தார். அதிலிருந்து அவர் எட்டிய கருத்து எளிமையானது. அறுந்த நரம்பிழை வளரும் திறனை இழந்துவிடவில்லை. அது போக வேண்டிய பாதைதான் சிதைந்துவிட்டது. வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது, பாலம் உடைந்து கிடக்கிறது. ஆகவே மூக்கின் துணையணுக்களை எடுத்துத் தண்டுவடக் காயத்தில் வைத்தால் பாலம் கட்டலாம்.

இந்தத் திசையில் அவர் மட்டும் போகவில்லை. கனடாவின் மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு, காலின் நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தால் தண்டுவட இழைகள் அதனூடே சில சென்டிமீட்டர் வரை வளரும் என்று 1981இலேயே காட்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ஷ்வாப், இழைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களைத் தேடிப் பிடித்தார். நரம்பு மீள்வளர்ச்சி என்ற துறை, ஒருவர் முடிவை இன்னொருவர் சோதித்து, மறுத்து, திருத்தி வளர்ந்தது.

பாலம் கட்டலாம் என்ற கருத்துக்கும் கட்டியதற்கும் நடுவே 12 ஆண்டுகள். 1997இல் யிங் லி, பாலின் ஃபீல்டு ஆகியோருடன் ரைஸ்மன் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில், முன்னங்காலை இயக்கும் இழைக் கற்றை ஒரு பக்கம் வெட்டப்பட்டது. அந்தப் பக்கத்து முன்னங்காலை நீட்டி உணவை எடுக்கும் பழக்கம் போய்விட்டது. மூக்கின் துணையணுக்களைக் காயத்துக்குள் வைத்த எலிகளில், இழைகள் காயத்தைத் தாண்டி வளர்ந்தன. உணவை எடுக்கும் அசைவும் திரும்பியது.

எலிக்கு வேலை செய்தது, அடுத்த ஆண்டு மனிதனுக்கு என்று அவர் கிளம்பவில்லை. பழைய காயத்திலும் பலிக்குமா, மூச்சு இயக்கம் திரும்புமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். பைக் விபத்துகளில் தோள்பட்டை இழுபட்டு, கைக்குப் போகும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கப்படும் காயத்தின் மீது அவருக்குத் தனி அக்கறை இருந்தது. இரு சக்கர வாகனங்கள் நிறைந்த நம் ஊரில் எலும்பு முறிவுப் பிரிவுகள் நன்கறிந்த காயம் அது. இளைஞர்களின் ஒரு கை உயிரில்லாமல் தொங்கும். அவர்களுக்கான சிகிச்சைச் சோதனையை லண்டனில் நடத்தவும் அவருடைய குழு திட்டமிட்டது.

ஒரே ஒரு நோயாளி

மனிதரிடம் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு போலந்திலிருந்து வந்தது. வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தின் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர் பாவெல் தபாகோவ் இதே துணையணுக்களைக் கொண்டு ஆய்வு செய்துகொண்டிருந்தார். தாரெக் ஃபிதிகா என்ற தீயணைப்பு வீரர் 2010இல் முதுகில் பலமுறை கத்தியால் குத்தப்பட்டு, நெஞ்சுக்குக் கீழே செயலிழந்திருந்தார். தண்டுவடத்தில் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி. ஓரத்தில் மெல்லிய நாடாபோல் கொஞ்சம் திசு மிஞ்சியிருந்தது. மாதக்கணக்கில் தீவிரப் பயிற்சி கொடுத்தும் பலன் இல்லை.

2012இல் அவருடைய மண்டையோட்டைத் திறந்து, வாசனைக்கான இரு மூளைக் குமிழ்களில் ஒன்றை எடுத்தார்கள். அதிலிருந்து துணையணுக்களைப் பிரித்து ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்த்தார்கள். பிறகு தழும்பை அகற்றி, காயத்துக்கு மேலும் கீழும் சுமார் நூறு நுண் ஊசிகளாக அணுக்களைச் செலுத்தினார்கள். இடைவெளியில் அவருடைய கணுக்காலிலிருந்து எடுத்த நரம்பின் நான்கு துண்டுகளைப் பாலமாக வைத்தார்கள்.

சில மாதங்களில் ஒரு தொடையில் தசை பருக்கத் தொடங்கியது. ஆறு மாதம் கழிந்தபோது, இரு பக்கமும் கம்பியைப் பிடித்து, காலில் தாங்கி மாட்டி, முதல் அடியை வைத்தார். இரண்டாண்டுகளில் ஊன்றுசட்டத்துடன் வெளியே நடந்தார். சிறுநீர்ப்பை உணர்வும் ஓரளவு திரும்பியது. 2014 அக்டோபரில் முடிவுகள் வெளியானபோது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அவர்தான். மனிதன் நிலவில் நடந்ததைவிட இது பெரிது என்று ரைஸ்மனே பூரித்துச் சொன்னார்.

அந்தப் பூரிப்பைப் புரிந்துகொள்ளலாம். ஆனால், வாழ்நாள் முழுக்க அளந்து பேசியவர் அந்த ஒரு நாள் சற்று அதிகமாகவே பேசிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நோயாளியின் முன்னேற்றம் சிகிச்சையை நிரூபித்துவிடாது. பலன் தந்தது மூக்கின் அணுக்களா, கணுக்கால் நரம்பா, தழும்பை அகற்றியதா, ஓரத்தில் மிஞ்சியிருந்த இழைகளா, கடுமையான பயிற்சியா? நரம்பியல் அறிஞர்கள் அன்றே கேட்ட கேள்விகள் இவை. மேலும் சில நோயாளிகளிடம் செய்து பார்க்க வேண்டும் என்பதில் ரைஸ்மனுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதற்கு முன்பே, 2017 ஜனவரியில் அவர் இறந்துபோனார்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. டேவிட் நிக்கோல்ஸ் என்ற பிரபல சமையற்கலைஞரின் மகன் 2003இல் கடலில் பாய்ந்தபோது கழுத்து அடிபட்டுச் செயலிழந்தார். தந்தை தொடங்கிய அறக்கட்டளை லண்டன் ஆய்வுக்குப் பத்து லட்சம் பவுண்டும், போலந்துக் குழுவுக்கு 2,40,000 பவுண்டும் கொடுத்தது. இந்த ஆய்வில் லாபம் பார்க்கும் எண்ணம் தங்களில் யாருக்கும் இல்லை என்று அந்தக் குழு அறிவித்தது. சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கவில்லை.

குறுக்கு வழியின் விலை

ரைஸ்மன் எலிகளோடு இருந்த அதே ஆண்டுகளில், மூக்கின் அணுக்களைப் பற்றிக் கேள்விப்பட்ட வேறு சிலர் நேரடியாக மனிதர்களிடம் போய்விட்டார்கள்.

பெய்ஜிங்கில் கருவிலிருந்து எடுத்த இந்த வகை அணுக்களை நூற்றுக்கணக்கானவர்களின் தண்டுவடத்தில் செலுத்தினார்கள். வெளிநாட்டு நோயாளிகள் கட்டணம் கட்டி வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஏழு பேரை அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவர்கள் முன்னும் பின்னும் பரிசோதித்து 2006இல் எழுதினார்கள். ஐந்து பேருக்கு மூளையுறை அழற்சி உள்ளிட்ட சிக்கல்கள். வாழ்க்கைக்குப் பயன்படும்படியான முன்னேற்றம் ஒருவருக்கும் இல்லை.

லிஸ்பனில் அணுக்களைப் பிரித்து எடுக்காமல், மூக்கின் உள்தோலையே துண்டாக எடுத்துத் தண்டுவடத்தில் வைத்தார்கள். விபத்தில் செயலிழந்த ஓர் இளம்பெண் அங்கே சிகிச்சை பெற்றார், நடை திரும்பவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்துத் தாளாத முதுகுவலி. திறந்து பார்த்தால், தண்டுவடத்தில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. உள்ளே மூக்கின் திசு, சளி போன்ற கோழையைச் சுரந்துகொண்டிருந்தது. இந்த அறிக்கை வெளியானதும் 2014இல்தான். ஃபிதிகாவை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

முறையான பாதையில் போனவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனில் ஆலன் மக்கே-சிம் குழு மூன்று நோயாளிகளுக்கு அவரவர் மூக்கின் அணுக்களைச் செலுத்தி, மூன்றாண்டு கண்காணித்தது. பாதுகாப்பாக இருக்கிறது, பலன் தெரியவில்லை என்று 2008இல் அறிவித்தது. பலன் இல்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். விற்பவர் இதைச் செய்ய மாட்டார்.

சட்டம் தூங்குகிறது

இந்தியாவில் ஸ்டெம் செல் போன்ற அணு சிகிச்சைகளுக்குச் சட்டமோ நெறிமுறையோ இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை தெளிவாக இருக்கிறது: ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது; அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டுமே அதைச் செய்யலாம். ஆய்வுக்காக ஆகும் செலவை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது என்பது அதே கழகத்தின் பொதுவான நெறிமுறை. மருத்துவச் சோதனைகள் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம்.

விளம்பரத்துக்கும் சட்டம் உண்டு. மருந்துகள், மந்திர சிகிச்சைகள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954இலேயே வந்தது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்ற அதன் பட்டியலில் உடல் செயலிழப்பும் இருக்கிறது. சுவரொட்டிகள் காலத்துச் சட்டம்தான். ஆனால் செல்பேசித் திரையில் வரும் விளம்பரம் மட்டும் விளம்பரம் இல்லாமல் போய்விடுமா?

நடைக்கு முன்னால் உயிர்

ஃபிதிகாவின் கதையில் செய்தித்தாள்கள் விரைந்து கடந்துபோன ஒரு பகுதி உண்டு. வாரத்துக்கு ஐந்து நாட்கள், நாளுக்கு ஐந்து மணி நேரம் அவர் பயிற்சி செய்தார். அறுவை சிகிச்சைக்கு முன்பும் மாதக்கணக்கில், பின்பும் ஆண்டுக்கணக்கில். அதற்கென இயங்கும் மறுவாழ்வு மையம் அவருக்கு இருந்தது.

நம் ஊர் நோயாளிக்கு அந்த மையம் எங்கே? தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிரைப் பறிப்பது அநேகமாகப் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, சிறுநீரகப் பழுது போன்றவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சுத்தமான குழாய் கொண்டு குறித்த நேரத்தில் சிறுநீரை எடுப்பது, உடலுக்குப் பொருந்தும் சக்கர நாற்காலியும் அதற்கேற்ற மெத்தையும். இவற்றுக்கு நோபல் பரிசு தேவையில்லை. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் அகால மரணமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு அதிகம் என்றும், ஏழை நாடுகளில் நிலைமை இன்னும் மோசம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த எளிய விஷயங்கள் கிடைக்காதது.

இது தமிழ்நாட்டுக்குத் தெரியாத வித்தை அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சி பெற்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிய கைகளுக்கு டாக்டர் பால் பிராண்டின் வழியில் அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், கடற்படை அதிகாரி தேர்வின்போது கழுத்து அடிபட்டுச் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களைப் பயிற்றுவித்து வீட்டுக்கும் வேலைக்கும் அனுப்புகிறது. இரண்டையும் தொடங்கியவர்கள் பாதிக்கப்பட்டவர்களே என்பது தற்செயல் அல்ல. அரசின் கண்ணுக்கு இந்தத் தேவை அவ்வளவாகப் படவில்லை.

என்ன செய்யலாம்?

விபத்து நடந்த இடத்திலேயே தொடங்க வேண்டும். அடிபட்டவரைக் கை கால் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து அனுப்புவது நல்ல எண்ணத்தில் செய்யும் பெருந்தீங்கு. கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் காத்திருந்து 108ஐ அழைப்பது, தவிர்க்க முடியாதபோது பலகையில் நேராகக் கிடத்தி நகர்த்துவது ஆகியவற்றை ஓட்டுநர் உரிமப் பயிற்சியிலும், தென்னை ஏறுவோர், கட்டடத் தொழிலாளர் நலவாரியங்களின் முகாம்களிலும் செய்முறையாகக் கற்றுத்தரலாம்.

‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. நாட்டுக்கே முன்மாதிரியான திட்டம். தண்டுவடம் அடிபட்டவருக்குச் சிக்கல் தொடங்குவதோ அந்த 48 மணி நேரம் முடிந்த பிறகு. அத்திட்டத்தில் சேர்க்கப்படும் தண்டுவட நோயாளிகளின் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி, ஓராண்டு வரை பின்தொடர வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டை அவர்கள் கையில் கொடுத்து, சிறுநீர்க் குழாய்களையும் காற்று மெத்தையையும் மாதாமாதம் வழங்கச் செய்தால், புதிய துறை எதையும் தொடங்காமலேயே பல உயிர்களைக் காப்பாற்றலாம்.

சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ ஒரு கூலித் தொழிலாளியை மாதக்கணக்கில் அங்கே வைத்திருக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியிலாவது தண்டுவட மறுவாழ்வுக்கெனப் படுக்கைகளும், உடனிருப்பவர் தங்க இடமும் வேண்டும்.

விளம்பரங்களைப் பொறுத்தவரை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கும் யாராவது புகார் தரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தமிழில் ஓடும் ஸ்டெம் செல் விளம்பரங்களைத் தாங்களே மாதம் ஒருமுறை தேடி எடுத்து, சோதனைப் பதிவு எண் எங்கே என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். பதில் இல்லாதவற்றின் பட்டியலை வெளியிடலாம். குணமடைந்தவர் பேட்டி என்ற பெயரில் பணம் வாங்கி இவற்றை ஒளிபரப்பும் தொலைக்காட்சிகளும் யூடியூப் அலைவரிசைகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

குடும்பங்களுக்கு மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே, டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கம் நான்கு கேள்விகளை அச்சிட்டுக் கொடுக்கலாம். இந்தச் சிகிச்சை தேசியப் பதிவேட்டில் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், பலன் இல்லாதவர்கள் எத்தனை பேர்? ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? கீழே ஒரு தொலைபேசி எண். எடுத்துப் பதில் சொல்ல, அரசு மறுவாழ்வு மருத்துவர் ஒருவர்.

கடைசியாக, ஆய்வு. வேலூரில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் மறுவாழ்வுக் கருவிகள் மையம், நம் சாலைகளுக்கேற்ற சக்கர நாற்காலிகளை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிகள் இருக்கிறார்கள். இவற்றை இணைத்து முறையான மருத்துவச் சோதனைகளை நடத்தும் வலையமைப்பு ஒன்றை மாநில அரசு தொடங்கலாம். நம் நாட்டில் ஆய்வுத் திட்டங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது மூன்றாண்டு நிதி. ரைஸ்மன் மூக்கிலிருந்து எலியின் தண்டுவடத்துக்கு வரவே 12 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நரம்புக் காய ஆய்வுக்கென ஒதுக்கும் நிதி குறைந்தது பத்தாண்டுக்கானதாக இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் கறாரான மதிப்பீடு நடக்கட்டும். பலன் இல்லை என்று தெரிந்த முடிவுகளையும் வெளியிட்டாக வேண்டும் என்பது அந்த நிதியின் முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.